பதினோராவது ரீல்

அந்தப் படத்தை நான் முப்பது தடவைக்குக் குறையாமல் பார்த்திருக்கிறேன். முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவள் பெயரையும் சொல்லப் போவதில்லை. என் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதே இல்லை. சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் என்னைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஹார்மோனியப் பெட்டி வாசிக்கிறவனுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவுதான் பெயர்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிக்குப் போன ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பஸ்கள் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கி ஓடின. மண்ணெண்ணெய் கிடையாது, அரிசி கிடையாது. ஆனாலும் உத்தமபாளையத்துக்கு வெளியே, அறுப்பு முடிந்த ஒரு வயலில் டூரிங் கொட்டகை மட்டும் நடந்தது. சாப்பாட்டுக்கு இல்லாதவனும் தரை டிக்கெட்டுக்கு வந்துவிடுவான்.

கொட்டகையில் புரொஜெக்டர் ஒன்றுதான். ஒரு ரீல் ஓடி முடிந்தால் விளக்கைப் போடுவார்கள். ஆபரேட்டர் அடுத்த ரீலை மாட்டுகிறவரை சனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள், விசில் அடிப்பார்கள், திரைமேல் மண்ணை அள்ளி வீசுவார்கள். அதற்காக முன்பெல்லாம் கிராமபோன் தட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். யுத்தத்தில் கிராமபோன் ஊசி கிடைப்பது நின்றுபோனது. மேனேஜர் யோசித்தார், எங்கள் இரண்டு பேரையும் பிடித்துப் போட்டார். நான் வாசிக்க, அவள் பாட. ஒரு படத்துக்கு ஒன்பது பத்து இடைவேளை, ஒவ்வொன்றும் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்.

யாரும் கேட்கவில்லை. இதை வருத்தத்தோடு சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். விளக்கு வந்ததும் முறுக்குக்காரன் கத்துவான், சோடா பாட்டில் வெடிக்கும், பெண்கள் பக்கத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். நடுவில் இவள் பாடிக்கொண்டிருப்பாள். பாட்டு பாதியில் இருக்கும்போதே விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வரியை முடிக்காமல் வாயையும் கையையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அவள், ஒரு ராத்திரிக்கென்று ஆள் சேர்த்துப் போடுகிற ஸ்பெஷல் நாடகங்களில் பாடிக்கொண்டிருந்தவள். உத்தமபாளையத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்து வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தாள். சொந்தம் என்று மதுரையில் ஒரு சின்னம்மா மட்டும். கீழ்க்குரல் அவளுக்கு நன்றாக நிற்கும். தொண்டை கட்டாமல் இருக்கக் கன்னத்துக்குள் எப்போதும் ஒரு மிளகை அடக்கி வைத்திருப்பாள். நான் பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் நீட்டி வாசித்தால், "போதும் பெட்டிக்காரரே, வெளக்க அமத்திரப் போறாக" என்பாள். ஒரு தடவை என் பெட்டியின் துருத்தி கிழிந்துபோனது. யாரையும் கேட்காமல் ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, மைதா பசை காய்ச்சி அவளே ஒட்டினாள். காற்று துளிகூட வெளியே போகவில்லை.

எனக்கு அவள்மேல் ஆசை இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் இதை முதல் தடவையாக எழுத்தில் போடுகிறேன். அவளுக்கும் இருந்தது என்று நினைத்தேன். ஆனால் நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டியதையெல்லாம் படத்து ஆட்கள்மேல் ஏற்றித்தான் பேசுவோம். ஓடுகிற படத்தில் கதாநாயகன் அழுதுகொண்டு நின்றால், "இவரு இப்பிடியே நின்னா அவ எம்புட்டு நேரம் வாசல்ல நிப்பா?" என்பாள். நான், "அவனுக்கு வீட்டுல என்ன தொந்தரவோ" என்பேன். அதற்குமேல் இரண்டு பேரும் போனதில்லை.

வீட்டுத் தொந்தரவு எனக்கு இருந்தது. ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை, அண்ணன், ஆத்தா. பரம்பரையாக ஏர் பிடித்த குடும்பம். நான் பெட்டியைத் தூக்கியதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆத்தா ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஏலே, பெட்டிய வாசி, வேணாங்கல. பெட்டியோட நிறுத்திக்க."

நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

அந்த வருஷம் பங்குனியில் மதுரைச் சின்னம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவள் கிளம்பிப் போனாள். அவள் போன மறுவாரம்தான் அந்தப் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. ஒரு மாதம்போல ஓடியது.

கதை பெரிய கதையில்லை. பட்டணத்தில் ஒரு பெரிய ஹோட்டல். சாப்பிடுகிற கூடத்தின் மூலையில் அவன் ஹார்மோனியம் வாசிக்கிறான், அவள் பாடுகிறாள். வருகிறவர்கள் சாப்பிட வந்தவர்கள், பாட்டுக் கேட்க வந்தவர்கள் இல்லை. டம்ளர் சத்தம், தட்டுச் சத்தம், "ரெண்டு காப்பி" என்று கத்துகிற சத்தம். அதற்குள்ளே இவர்கள் பாட்டு. முதல் நாள் அந்தக் காட்சி வந்ததும் என் கை தானாகவே பெட்டிமேல் போய்விட்டது. எங்களைப் பற்றி யாரோ போய்ச் சொல்லிக்கொடுத்தமாதிரி இருந்தது. பக்கத்தில் அவள் இல்லையே என்று அன்றைக்கு எனக்கு ரொம்பவே குறையாக இருந்தது.

படத்தில் இரண்டு பேரும் வாடகை அறைக்கு வழியில்லாமல் அலைகிறார்கள். ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். பிறகு அவளுக்கு வேறு ஊரில் ஒரு பெரிய சங்கீத சபையிலிருந்து அழைப்பு வருகிறது. அவனை வரச் சொல்கிறாள். அவன் பதில் சொல்லவில்லை. கடைசியில் ரயிலடிக்குப் போய் அவளை ஏற்றிவிடுகிறான். ரயில் நகர்கிறது. அவன் கையைத் தூக்குகிறான், முழுதாகத் தூக்காமல் மார்பு உயரத்தில் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறான். அவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே போகிறாள். அவ்வளவுதான். மேனேஜர் தன் கையால் கண்ணாடியில் எழுதி வைத்திருந்த 'சுபம்' என்ற சிலைடு திரையில் வந்துவிடும். விளக்கு எரியும். நான் மங்களம் வாசிப்பேன்.

படம் பதினோரு ரீல். நாங்கள் காட்டியது பத்து. கரண்ட் எடுக்கிற எஞ்சினுக்கு எண்ணெய் பெர்மிட் கொஞ்சமாகத்தான் கிடைத்தது. புரொஜெக்டர் விளக்கில் எரிக்கிற கார்பன் குச்சி அதைவிடத் தட்டுப்பாடு. ஒரு ரீலைக் குறைத்தால் நாலு நாளுக்கு ஒரு காட்சிக்கான எண்ணெய் மிஞ்சும் என்று மேனேஜர் பார்த்திருக்கிறார். பத்தாவது ரீல் ரயிலடியில் முடிகிறது, அதுவே ஒரு முடிவு மாதிரித்தான் இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று நிறுத்திவிட்டார். வெளியே தெரிந்தால் சனங்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதால் ஆபரேட்டரின் வாயையும் கட்டிப் போட்டிருந்தார். இதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குப் படம் என்றால் அந்தப் பத்து ரீல்தான்.

சனங்கள் முணுமுணுக்காமல் இல்லை. சின்னமனூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர், விளக்கு எரிந்ததும் எழுந்து நின்று கேட்டார்.

"அம்புட்டுத்தானா? அந்தப் பொண்ணு பாட்டுக்குப் போயிருச்சு. இவன் என்ன ஆனான்?"

மேனேஜர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் பெரிய மேதாவி மாதிரி எழுந்து அவருக்கு விளக்கம் சொன்னேன். அவள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அவன் ஒதுங்கிக்கொண்டான், அந்தப் பாதிக் கையில் எல்லாம் இருக்கிறது, அதற்குமேல் காட்டினால் படம் கெட்டுப்போகும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன எழவோ" என்று சொல்லிக்கொண்டு போனார். அவர் சொன்னதுதான் சரி. எனக்கோ அந்த முடிவின்மேல் ஒரு பித்தே பிடித்திருந்தது. அந்தப் பாதிக் கையை வீட்டில் யாரும் இல்லாதபோது தூக்கிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

அந்த மாதம் கோடை மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் ஓரத்து வயல் என்பதால் தரையெல்லாம் ஈரம் ஏறியது. பெட்டிக்குள் ஈரம் போனால் கட்டைகள் உப்பி ஒட்டிக்கொள்ளும். நான் கவலைப்படுவதைப் பார்த்து ஆபரேட்டர் ஒரு தட்டையான பலகைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுமேல வச்சு வாசிங்க. பத்திரம், எடுத்துக்கிட்டுப் போயிராதீக" என்றார். மணைப்பலகை மாதிரி உயரம். என் பெட்டி அதன்மேல் சரியாக உட்கார்ந்தது. படம் ஓடி முடிகிறவரை அதன்மேல் வைத்துத்தான் வாசித்தேன். படம் மாறிய அன்று அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சித்திரைக் கடைசியில் வீரபாண்டித் திருவிழா வந்தது. கொட்டகையை ஒரு வாரம் மூடிவிட்டார்கள். ஊர்ச் சனம் மொத்தமும் வீரபாண்டியில் இருக்கும்போது இங்கே யாருக்குப் படம் காட்டுவது? அங்கே ஒரு பந்தலில் பாடுவதாக நாங்கள் முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். அவள் மதுரையிலிருந்து நேராக அங்கே வந்து இறங்கினாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. சின்னம்மாவுக்குச் சுகமாகிவிட்டது என்றாள்.

காலையில் பாட்டு முடிந்தது. ராட்டினச் சத்தத்திலும் உறுமிச் சத்தத்திலும் எங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆற்றங்கரைக்குப் போனோம். தீச்சட்டி எடுக்கிறவர்கள் ஈரத் துணியோடு வரிசையாகப் படியேறிக்கொண்டிருந்தார்கள். அவள் கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

"மதுரையில அந்தப் படத்தப் பாத்தேன், பெட்டிக்காரரே. ரெண்டு தடவ பாத்தேன்" என்றாள்.

"நான் முப்பது தடவ பாத்துட்டேன்."

"அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல." சிரித்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கோயம்புத்தூர்ல ஒரு படக் கம்பெனியில கோரஸ் பாடக் கூப்பிட்டிருக்காக. மாசச் சம்பளம். அங்கன ஆளுக நெறைய வேணுமாம்."

"போறியா?"

"போகாம? எத்தன நாளைக்கு முறுக்கு விக்கிறவனுக்குப் பாடிக்கிட்டுக் கெடக்கிறது? வெள்ளிக்கிழம பஸ்ஸு. மதுரையில சின்னம்மா வீட்டுல எட்டு நாள் இருப்பேன். அதுக்கப்புறந்தான் கோயம்புத்தூரு."

ஆளுகள் நிறைய வேண்டுமாம் என்றதை நான் பாடகிகளைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எட்டு நாள் என்றதைப் பயண விவரம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டையும் ஏன் எனக்குச் சொன்னாள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஆனால் வாய் ஒரு கேள்வி கேட்டது. என் வாழ்நாளில் நான் அவளிடம் அதிகபட்சம் துணிந்து பேசியது அதுதான்.

"நான் என்ன செய்யணும்?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"படத்துல கடைசியில அவரு என்ன செஞ்சாரு? அதச் செய்ங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

"சரி" என்றேன்.

அவள் முகம் அப்படியே தெளிந்துபோனது. இந்த ஆள் அழுது தொந்தரவு கொடுக்காமல் ஒதுங்கிக்கொள்வான் என்று நிம்மதியாகிவிட்டாள் என நினைத்தேன். வருத்தமாக இருந்தது. ஆனாலும் பெருமையாகவும் இருந்தது. ஒருத்தியின் வாழ்க்கைக்காக ஒதுங்கி நிற்கிற பெரிய தியாகி நான். அந்த நினைப்பில் அன்றைக்கு இரண்டு இளநீர் வாங்கி, ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை உத்தமபாளையம் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். கரி பஸ் அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. கிளீனர் விசிறியைச் சுற்றிச் சுற்றி அடுப்பை மூட்டிக்கொண்டே இருந்தான். அரைமணி நேரம் அவள் ஜன்னலுக்கு உள்ளே, நான் வெளியே. வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டியிருக்கிறேன் என்றாள். துருத்தியின் ஒட்டுப் பிரிந்தால் மறுபடி மைதா பசைதான் போட வேண்டும், கோந்து போடக் கூடாது என்றாள். பஸ் உறுமி நகர்ந்தது. நான் கையைத் தூக்கினேன். மார்பு உயரம், பாதியில் நிறுத்தினேன். படத்தில் இருந்தது அப்படியே வந்தது.

அவள் சிரித்தாள். புன்னகை இல்லை, வாய்விட்டுச் சிரித்தாள். அவளும் ஜன்னலுக்கு வெளியே பாதிக் கையைத் தூக்கிக் காட்டினாள். பஸ் கரிப்புகையில் மறைந்துபோனது.

அந்தச் சிரிப்பு என்னை நோகடித்தது. ஒருவன் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு விடைகொடுக்கிறான், இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று நினைத்தேன். அந்தக் கோபம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த நாட்களை ஓட்டினேன்.

கொட்டகை மறுபடி திறந்தது. பழைய புராணப் படம் ஒன்று. நான் தனியாக வாசித்தேன். பாட்டு இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. அவள் போன ஆறாம் நாள் கார்பன் வாங்க மதுரை போன ஆபரேட்டர் மறுநாள் திரும்பி வந்து சொன்னார்.

"உங்க பாட்டுக்காரம்மாவ பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். கம்பத்துப் பஸ்ஸு வர்ற எடத்துல நின்னாக. பெட்டிக்காரரு வரலையான்னு கேட்டாக."

"என்ன சொன்னீக?"

"கொட்டகையில வாசிச்சுக்கிட்டு இருக்காருன்னேன்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுஞ் சொல்லல. அப்பிடியான்னாக."

மரியாதைக்கு விசாரித்திருக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் ஒரு நாள் இருந்தது. எட்டாம் நாள். அன்று பகலெல்லாம் அண்ணனோடு வயலில் வரப்பு வெட்டினேன். மாலையில் வழக்கம்போலக் கொட்டகைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. வருகிற படங்களில் கூட்டமாகப் பாடுகிற பாட்டு வந்தால் காதைக் கொடுத்துக் கேட்பேன். பத்துப் பெண்கள் பாடுவதில் ஒருத்தியின் கீழ்க்குரலைப் பிரித்தெடுக்க முடியாது. கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டேன். துக்கம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. சம்மணமிட்டு வெகுநேரம் வாசித்தால் கால் மரத்துப்போகும், கிள்ளினாலும் தெரியாது. அப்படித்தான் இருந்தேன். மரத்த கால் எழுந்து நடந்தால் சரியாகிவிடும். நான் எழுந்து நடக்கவில்லை, அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்தது. கொட்டகைக்காரர்கள் வயலைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஆத்தா கெங்குவார்பட்டியில் பெண் பார்த்தாள். சரி என்றேன். தேனியில் பருத்தி மில்லில் மூட்டை நிறுக்கும் வேலை கிடைத்தது. அதற்கும் சரி என்றேன். பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரிமேல் வைத்தேன். அந்த ஒட்டு மட்டும் பிரியவே இல்லை.

என் மனைவி நல்லவள். சினிமா என்றால் உயிர். தேனியில் கட்டடக் கொட்டகை வந்தபிறகு எந்தப் படத்தையும் விடமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பழைய படமாம், பகல் ஆட்டம், வர்றீகளா?" என்று கேட்டாள். என்ன படம் என்று கேட்டேன். சொன்னாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள், நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இங்கே புரொஜெக்டர் இரண்டு. ஒரு ரீலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விளக்கு எரியவே இல்லை. முன்பு நாங்கள் நுழைந்து வாசித்த இடமெல்லாம் இப்போது மூடிக் கிடந்தது. படத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வசனத்தை அவர்கள் சொல்வதற்கு முன்னால் என் வாய் சொன்னது. ஹோட்டல், வாடகை அறை, அழைப்பு, ரயிலடி. அவன் கையைப் பாதி தூக்கினான். ரயில் போனது. நான் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

பின்னால் இருந்தவன், "உக்காருங்கய்யா, மறைக்குது" என்றான்.

திரையில் மறுபடி ஹோட்டல் வந்தது. விடிந்திருக்கிறது. அவன் மூலையில் உட்கார்ந்து வாசிக்கிறான். டம்ளர் சத்தம், தட்டுச் சத்தம். பாதிப் பாட்டில் கையை எடுக்கிறான். கூடம் முழுதும் சத்தம் அடங்குகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்கிறார்கள். பாட்டு ஒன்று இருந்தது என்பதே அது நின்றபிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது. அவன் பெட்டியை மூடுகிறான், தூக்கித் தோளில் வைக்கிறான், வெளியே நடக்கிறான். அடுத்த ரயில். அந்த ஊர். சபை. அவள் மேடையில் இருக்கிறாள், பக்கத்தில் பெட்டி வாசிக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் வந்து உட்கார்கிறான். அவள் பாட ஆரம்பிக்கிறாள்.

நான் நின்றுகொண்டேதான் பார்த்திருக்கிறேன். பின்னால் இருந்தவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது. பஸ் ஜன்னலில் அவள் சிரித்தது என்னைக் கேலி செய்து இல்லை. நான் சொன்ன சொல் தவறாமல் பத்தாவது ரீலை நடித்துக் காட்டுகிறேன் என்று அவளுக்குச் சந்தோஷம். அடுத்த ரீல் வரும் என்று தெரிந்தவளுடைய சிரிப்பு அது. எட்டு நாளும் கம்பத்துப் பஸ் வருகிற இடத்தில் போய் நின்றிருப்பாள். அப்படியா என்று கேட்டாளாம்.

வெளியே வந்தேன். என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டு நின்றாள். படியிறங்கி வந்த ஒரு ஆள் என் கையைப் பிடித்தார். எங்கள் பழைய ஆபரேட்டர். தலை நரைத்திருந்தது. அந்தக் கொட்டகையில்தான் இப்போது வேலை என்றார்.

"அந்தக் கடைசி ரீல எப்பச் சேத்தாக?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "சேத்தாகளா? அன்னைக்கே இருந்துச்சு, பெட்டிக்காரரே. எண்ணெ இல்லைன்னு மேனேஜரு ஓட்ட வேணாம்னுட்டாரு. கேபின்ல வச்சா எவனாச்சும் டப்பாவ எண்ணிப் பாப்பான்னு பலகப் பெட்டியில போட்டு உங்ககிட்டத் தந்தேனே. உங்க பெட்டிக்கு அடியிலதான் ஒரு மாசமும் கெடந்துச்சு."

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? டீ சாப்பிடலாம் வாங்க என்றார். வீட்டுக்காரி நிற்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்தைக்கடை வழியாக வீட்டுக்கு நடந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. என் மனைவிக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டு வந்தாள்.

"நல்ல வேள, அவரு போய்ச் சேந்தாரு. போகாம இருந்திருந்தா அந்தப் பிள்ள எத்தன நாளைக்குத்தான் வாசலப் பாத்துக்கிட்டு நின்னிருக்கும்?"

"எட்டு நாள்" என்றேன்.

அவள் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"படத்துல அப்பிடியா சொன்னாக? நான் கவனிக்கலையே."

"ஆமா, சொன்னாக" என்றேன்.